முகடு வைத்த விறகுக் கொட்டகை

இராமையாவுக்கு வீடு கட்டும் எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. விறகு நனையாமல் வைக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஆனைக்குழித் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், மலையை வெட்டிக் கட்டிய நீளத் தொழிலாளர் லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தவர் அவர். அந்தக் காம்பராவில்தான் அவருடைய அப்பா இருமி இருமிச் செத்தார். அந்தக் காம்பராவுக்குத்தான் நாகலெட்சுமியைக் கல்யாணம் முடித்துக் கூட்டிவந்தார். சமைப்பது, படுப்பது, பிள்ளை பெறுவது, பிணத்தைக் கிடத்துவது எல்லாம் அந்த ஒரே அறையில். அதைக் கட்டிய வெள்ளைக்காரன் தன் குதிரைக்கு இதைவிட விசாலமான இடம் கட்டியிருந்தான். குதிரை செத்து, குதிரை லாயத்தில் இப்போது துரையின் மோட்டார் நிற்கிறது. அதற்கும் ஜன்னல் உண்டு.

இராமையாவுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி விடுவது. வெட்டி விழும் மிளாறைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகத் தோட்டம் அனுமதித்திருந்தது. கொண்டுபோனதை எங்கே வைப்பது என்பதைப் பற்றித் தோட்டம் யோசித்ததில்லை. லயத்துக்குப் பின்னால் போட்டால் மழை. காம்பராவுக்குள் அடுக்கினால் படுக்க இடமில்லை. நனைந்த மிளாறை அடுப்பில் திணித்து ஊதி ஊதி, நாகலெட்சுமிக்கு இருமல் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. கண் எப்போதும் சிவந்தே கிடந்தது. தோட்டத்து மருந்துக்காரர் ஒரு போத்தல் சிவப்புத் தண்ணீரைக் கொடுத்து, "புகை படாம இருந்துக்க" என்று சொல்லி அனுப்பினார்.

புகை படாமல் இருக்க வேண்டுமென்றால் விறகு காய வேண்டும். விறகு காய வேண்டுமென்றால் கூரை வேண்டும். இவ்வளவுதான் இராமையாவின் கணக்கு. ஐம்பத்து நாலாம் வருடம், மாசிப் பனி முடிந்து வெயில் காலம் வந்தபோது, வைகாசி மழைக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும் என்று கிளம்பினார்.

முதலில் லயத்துப் பின்சுவரோடு சேர்த்து ஒரு சாய்ப்பு இறக்கத்தான் நினைத்தார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் கண்டாக்கையாவிடம் உத்தரவு கேட்டார். துரைக்கு அடுத்தபடி அந்தக் கணக்கை ஆள்பவர் கண்டாக்கையா.

"லயத்துச் சுவர்ல கைய வைக்காத. சுவர் தோட்டத்துது" என்றார் அவர்.

"அப்ப தள்ளிப் போடலாங்களா ஐயா?"

"தள்ளிப் போட்டுக்க. சுவரத் தொடாம என்னத்தையாவது செஞ்சுக்க. இப்ப மலைக்கு ஓடு."

அதுதான் உத்தரவு. தள்ளிப் போட்டார். அங்கேதான் சிக்கல் பிறந்தது.

லயத்துக்கும் பின்னாலிருந்த மண்மேட்டுக்கும் நடுவே கொஞ்சம் சமதரை. தண்ணீர் ஓட லயத்துப் பக்கம் ஒரு கான், மேட்டுப் பக்கம் ஒரு கான். ஒற்றைச் சாய்ப்பாகப் போட்டால் மொத்தத் தண்ணீரும் ஒரே கானில் விழும். இந்தப் பக்கம் விழுந்தால் லயத்து அத்திவாரத்தில் ஏறும், அந்தப் பக்கம் விழுந்தால் மண்மேடு சரியும். தண்ணீருக்கு இரண்டு வழி இருந்தது. ஆகவே கூரைக்கு இரண்டு பக்கம் வைத்தார். நடுவில் முகடு. வேறு எந்த ஆசையும் அந்த முகட்டில் இல்லை.

காற்றுக்கு விழுந்த சவுக்கு மரங்களைக் காவல்காரர் கண்ணெதிரே தோளில் தூக்கி வந்து, அடிப்பக்கத்தை நெருப்பில் கருக்கிக் குழியில் இறக்கினார். கருக்கிய மரம் சீக்கிரம் உளுக்காது. நடுவில் இரண்டு உயரமான கால், அவற்றின் மேல் முகட்டு வளை, வளையிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் கைமரங்கள். கூரைக்கு, பாதை வேலையில் மிஞ்சிய தார் பீப்பாக்களை வெட்டி நிமிர்த்திய தகரம். பக்கத்துக்கு, உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகள். காற்று நுழைந்து விறகைக் காயவைக்க வேண்டும் என்பதால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டார்.

நாகலெட்சுமி கீழே நின்று தகரம் தகரமாகத் தூக்கிக் கொடுத்தார். பக்கத்துக் காம்பரா மூக்கன் கைமரத்தைப் பிடித்துக்கொண்டார். மூக்கன் நாகலெட்சுமிக்குச் சித்தப்பா மகன். திருவிழாவில் தப்படிப்பவர், முனியாண்டிக்குப் பூசை வைப்பவரும் அவரே.

முகட்டுத் தகரம்தான் மூன்று பேரையும் படுத்தி எடுத்தது. இரண்டு பக்கத்துத் தகரமும் உச்சியில் சேருமிடத்தில் இடைவெளி விழுந்தது. ஒரு தகரத்தை நடுவில் மடித்துத் தொப்பிபோல் கவிழ்க்க வேண்டும். மடித்தால் வெடித்தது. கடைசியில் அலவாங்குக் கம்பியைக் கிடத்தி, அதன்மேல் தகரத்தை வைத்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி மடித்தார்கள். நாகலெட்சுமி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து உச்சியில் வீசச் சொன்னார். மூக்கன் ஏறி வீசினார். தண்ணீர் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் ஓடியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

"மச்சான், என் காம்பராவ விட இது நல்லாருக்கு. விறக அங்க போட்டுட்டு நான் இங்க வந்துரவா?" என்றார் மூக்கன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் அவர்கள் சிரித்தது அதுதான் கடைசி.

இரண்டு நாளில் கண்டாக்கையா வந்தார். கொட்டகையைச் சுற்றி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"என்னடா இது?"

"விறகுக் கொட்டகைங்க ஐயா."

"கொட்டகைக்கு எதுக்குடா முகடு?"

"தண்ணி ரெண்டு பக்கமும் ஓடணுங்க."

"சாய்ப்பு வச்சா கொட்டகை. முகடு வச்சா வீடு. தோட்டத்துக் காணியில வீடு கட்ட ஒனக்கு யாரு உத்தரவு குடுத்தது? இன்னைக்கு வீடும்ப. நாளைக்குக் காணியும் எனக்குத்தாம்ப."

இராமையா கொட்டகையைப் பார்த்தார். அது காலையில் பார்த்த மாதிரியே இருந்தது. "ஐயா, ஒரு பக்கத்துத் தகரத்த மட்டும் கழட்டிட்டா மறுபடி கொட்டகையாயிருமுங்களா?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கண்டாக்கையா அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டார். "வாயப் பாரு. தொரைகிட்ட சொல்லியாச்சு, மேல்கணக்குல ஒருத்தன் வீடு கட்டியிருக்கான்னு. வெள்ளிக்கிழமை பார்க்க வாறாரு. பிரிச்சுத் தள்ளச் சொல்வாரு. பார்த்துக்க."

அந்த வெள்ளிக்கு முதல் நாள்தான் இராமையாவுக்கு நுவரெலியாவில் பிரஜாவுரிமை விசாரணை. இந்த மண்ணில் பிறந்தவர்களை, தோட்டத்துத் தமிழர் என்பதற்காக ஒரே சட்டத்தில் அந்நியராக்கிவிட்டு, பிறகு நீ அந்நியன் இல்லை என்று நீயே வந்து நிரூபி என்று இன்னொரு சட்டம் போட்டிருந்தார்கள். திருடிக்கொண்டு போனவனிடமே போய், இது என் பொருள்தான் என்று சாட்சியோடு கெஞ்ச வேண்டிய நிலை. இராமையா வெள்ளை வேட்டி கட்டி, கடன் வாங்கிய கோட்டுப் போட்டு, பஸ் ஏறினார். வழியெல்லாம் அவர் நினைவு விசாரணையில் இல்லை. முகடு வைத்தால் வீடு என்றால் தேயிலை ஸ்டோருக்கும் முகடு இருக்கிறதே, அது யாருடைய வீடு என்று யோசித்துக்கொண்டே போனார்.

அரசாங்கக் கந்தோரில் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"உமக்கு இந்தியாவிலை வீடு வளவு இருக்கோ?"

"இல்லீங்க. இந்தியாவ நான் பார்த்ததே இல்லீங்க."

"இஞ்சை சொந்த வீடு இருக்கோ?"

இல்லை என்றால் கண்டாக்கையா சொன்னது பொய்யாகும். இருக்கிறது என்றால் இராமையாவே கண்டாக்கையாவிடம் மாட்டிக்கொள்வார்.

"இருக்குன்னு சொல்றாங்கய்யா."

"ஆர் சொல்லினம்?"

"கண்டாக்கையா."

"நீர் என்ன சொல்லுறீர்?"

"நான் விறகு வைக்கக் கட்டினேனுங்க. முகடு வச்சதால அது வீடாயிருச்சாம்."

மொழிபெயர்ப்பாளர் இதை ஆங்கிலமாக்கக் கொஞ்ச நேரம் சிரமப்பட்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அடுப்பு இருக்கோ?"

"இல்லீங்க."

"கதவு?"

"இல்லீங்க."

"ஆராவது அதுக்குள்ளை படுக்கிறவையோ?"

"விறகு மட்டும் படுத்திருக்குங்க."

வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். இராமையாவுக்கு ஏன் என்று விளங்கவில்லை. அதிகாரி தலையை ஆட்டி ஏதோ சொன்னார்.

"அது வீடில்லையாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

இராமையாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதக் கொஞ்சம் எங்க கண்டாக்கையாகிட்ட சொல்ல முடியுங்களா?"

அதை மொழிபெயர்க்கவில்லை. அடுத்த கேள்வி வந்தது. "சொந்த வீடும் இல்லை எண்டால், நீர் இஞ்சை நிரந்தரமா இருக்கப் போறீர் எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

"நான் எங்கயும் போகலீங்களே" என்றார் இராமையா.

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் விசாரணை. வீடு கட்டினாய் என்று தோட்டம் விரட்டுகிறது. வீடு இல்லையே என்று அரசாங்கம் விரட்டுகிறது. இரண்டு பேரும் ஒரே கொட்டகையைத்தான் பார்க்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க இராமையாவுக்குத் தலை சுற்றியது.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. கொட்டகையைச் சுற்றிக் கூட்டம். கற்பூர வாசம். உள்ளே அடுக்கிய மிளாறு எல்லாம் வெளியே கானோரம் கிடந்தது. கொட்டகைக்கு நடுவே மண்ணில் பாதி புதைந்த ஒரு கல். அதற்கு மஞ்சள் துணி, குங்குமம், செவ்வரத்தைப் பூ. நடுக்காலில் கம்பியை வளைத்துச் செய்த ஒரு சூலம்.

மூக்கன் ஓடிவந்து அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "மச்சான், ஒன் கொட்டகையக் காப்பாத்திட்டேன்."

"என்ன மச்சான் இது?"

"முனியாண்டி. கனவுல வந்து இந்த எடம் வேணும்னு கேட்டாருன்னு சொல்லியிருக்கேன்."

"கேட்டாரா?"

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? தொரை எந்தக் கோயிலயாவது பிரிச்சிருக்கானா, சொல்லு?"

அது உண்மைதான். முன்பிருந்த துரை ஒருவர் பாதை போடுவதற்காகக் கீழ்கணக்கில் ஒரு மாடசாமிக் கல்லை நகர்த்தப்போய், முழுத் தோட்டமும் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. ஆளைத் தூக்கி வெளியே எறிந்தபோது அப்படி உட்காராத தோட்டம் அது. கல்லுக்காக உட்கார்ந்தது. அன்றிலிருந்து துரைமார் கல்லைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள்.

இராமையா முனியாண்டியை நம்பாதவர் அல்ல. விறகு இருக்கிற இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் புரியவில்லை. "அப்ப மிளாற எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.

"மொதல்ல கொட்டகை நிக்கட்டும். மிளாறப் பத்திப் பெறகு பார்ப்போம்."

வெள்ளி காலை துரை வந்தார். பின்னால் கண்டாக்கையா. துரை முகட்டைப் பார்த்தார், சூலத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கண்டாக்கையாவைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில், இது கோயிலா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வீடு என்று சொல்லிக் கூட்டிவந்த கண்டாக்கையாவுக்கு வேர்த்தது. கூட்டம் கும்பிட்டு நின்றது. மூக்கன் தப்பை இரண்டு தட்டுத் தட்டினார். கண்டாக்கையா மெல்ல ஆமென்று தலையை அசைத்தார். துரை ஏதோ முனகிவிட்டுப் போய்விட்டார்.

"கோயிலு இருந்துட்டுப் போகட்டும்கிறாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் கண்டாக்கையா.

கொட்டகை தப்பியது. விறகு தப்பவில்லை.

சித்திரை போய் வைகாசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைதோறும் கொட்டகையில் பூசை. கல் நனையாமல், சொட்டு விழாத கூரைக்குக் கீழே, காற்றோட்டமாக இருந்தது. வெளியே சாக்கு போர்த்திய மிளாறு ஊறிக் கறுத்தது. காம்பராவுக்குள் நாகலெட்சுமி ஊதிக்கொண்டிருந்தார். இருமல் இப்போது ராத்தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டது. இராமையா ஒருநாள் மூக்கனிடம், சாமிக்குப் பின்னால் ஒரு ஓரமாகக் கொஞ்சம் மிளாறு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். சனம் ஒத்துக்கொள்ளாது என்றார் மூக்கன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன கனவை இப்போது லயமே நம்பியது. அவரும் பாதி நம்பத் தொடங்கியிருந்தார்.

ஒரு மழைநாள், உலை ஏறாமல் கிடந்தபோது, கொட்டகை மூலையில் வேலை முடிந்து மிஞ்சிய சவுக்குத் துண்டுகள் காய்ந்து கிடப்பது நாகலெட்சுமிக்கு நினைவு வந்தது. எடுக்கப் போனார். விபூதித் தட்டோடு நின்ற மூக்கன் வாசலை மறித்தார்.

"தங்கச்சி, நீ ஒதுங்கியிருக்கன்னு பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க. மூணு நாள் கழிச்சு வா."

நாகலெட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்குத் தகரம் தூக்கிக் குடுத்தப்பவும் அப்படித்தான் இருந்தேன் அண்ணே. அந்தத் தகரம் ஒழுகலையே."

மூக்கன் தட்டோடு ஓர் அடி பின்வாங்கினார். நாகலெட்சுமி உள்ளே போய்விட்டார். குனிந்து சவுக்குத் துண்டை எடுக்கும்போது முழங்கை பட்டு, கல்லின் மஞ்சள் துணி நழுவியது. அவர் அப்படியே நின்றார். கல்லின் ஒரு மூலை உடைந்திருந்தது. நடுவில் துணி அடித்து அடித்து வழவழவென்று பள்ளம் விழுந்திருந்தது.

"இது என் தொவைக்கிற கல்லு."

"தங்கச்சி, மெதுவாப் பேசு."

"பீலியில காணோம்னு நான் ஊரெல்லாம் கேட்டேன். நீயும் கூட நின்னு தேடினியே அண்ணே. இத்தன நாளா கான் ஓரத்துல அடிச்சுத் துணியெல்லாம் கிழிஞ்சு போச்சு."

"அவசரத்துக்கு வேற கல்லு கெடைக்கல. இப்ப அது கல்லு இல்ல. எடுத்தீன்னா கண்ணு போயிரும்."

"புகையில பாதி போயிருச்சு. மிச்சத்த இது எடுத்துக்கட்டும்."

கல்லைப் பெயர்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கி, லயத்துக்கே தண்ணீர் கொட்டும் பீலிக்கு நடந்தார். லயத்து வாசல்களில் எல்லாம் தலைகள் முளைத்தன. வேலை முடிந்து வந்த இராமையா கவ்வாத்துக் கத்தியோடு நடுவழியில் நின்றுவிட்டார். தடுப்பதா, சுமையை வாங்கிக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. நாகலெட்சுமி கல்லைப் பழைய இடத்தில் போட்டு, மேலே பீலித் தண்ணீர் விழ விட்டார். மஞ்சளும் குங்குமமும் கரைந்து கானில் ஓடின. தோளில் கிடந்த கொங்காணித் துணியை எடுத்து அதன்மேல் ஓர் அடி அடித்தார். இன்னோர் அடி அடித்தார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். மழை பெய்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"இந்தாங்க, பார்த்துக்கிட்டு நிக்காம மிளாற உள்ள அடுக்குங்க" என்றார் நாகலெட்சுமி.

இராமையா அடுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கனும் வந்து ஒரு கட்டைத் தூக்கிக்கொடுத்தார். சூலத்தைக் கழற்றவில்லை. இராமையா அதில் சாக்கை மாட்டி வைத்தார்.

சேதி கண்டாக்கையாவுக்குப் போயிருக்க வேண்டும். மறுவாரம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"கோயிலு எங்கடா?"

"சாமி எந்திரிச்சுப் போயிருச்சுங்க ஐயா."

"எங்க?"

"பீலிக்கு."

கண்டாக்கையா குடையைச் சாய்த்து முகட்டைப் பார்த்தார். "அப்ப இது வீடா?"

"கந்தோர்ல வீடில்லைன்னுட்டாங்க ஐயா."

"அப்ப கொட்டகையா?"

"முகடு வச்சா கொட்டகை இல்லைன்னு நீங்கதாங்க சொன்னீங்க."

இந்த முறையும் இராமையா கிண்டல் செய்யவில்லை. அது என்னவென்று அவருக்கே தெரியாது. கண்டாக்கையா குடைக்குக் கீழே நின்று யோசித்தார். துரையிடம் முதலில் வீடு என்றார், பிறகு கோயில் என்று தலையசைத்தார். இனிப் போய் விறகு என்று சொன்னால், பிரிபடுவது கொட்டகையாக இருக்காது. "மழை விடட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

லிந்துலையில் மழை எப்போது விட்டது? அவர் மாற்றலாகிப் போகும்வரை விடவே இல்லை.

விசாரணைக்குப் பதில் வெகுகாலம் கழித்து வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சூசைரட்ணம் வாசித்துக் காட்டினார். நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லையாம், விண்ணப்பம் நிராகரிப்பு.

"கொட்டகையப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்காங்களா வாத்தியாரே?"

"இல்ல."

"அப்ப அது நிக்கலாம்" என்றார் இராமையா.

அது நின்றது. அறுபத்து நாலில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தபோதும் நின்றது. பங்கு பிரித்தவர்களில் ஒருவர்கூட இராமையாவைக் கேட்கவில்லை. முகட்டுத் தகரம் துருப்பிடித்து, புதிதாக ஒன்றை மடித்துப் போட்டிருந்தார். வைத்த கால்கள் ஒன்றும் உளுக்கவில்லை.

அந்தச் சேதியோடு தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர்கள், நீங்க எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போன சாயங்காலம் அவர் கொட்டகைக்குள் போய் நின்றார். மேலே மழை இரண்டு பக்கமும் சமமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மேட்டுக்கானில், ஒரு பக்கம் லயத்துக்கானில். நடுவில் நிற்பவர் மேல் ஒரு சொட்டும் விழவில்லை. எதற்காக உள்ளே வந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"இந்தாங்க, என்ன அங்கயே நின்னுட்டீங்க? உலை வைக்கணும், மிளாறு கொண்டாங்க" என்று நாகலெட்சுமியின் குரல் வந்தது.

பின்வரிசையிலிருந்து நன்றாகக் காய்ந்த ஒரு பிடியை உருவிக்கொண்டு போனார். அடுப்பில் வைத்து நாகலெட்சுமி ஒரே ஒரு நெருப்புக்குச்சியைக் கிழித்தார். ஊத வேண்டியிருக்கவில்லை. புகையும் இல்லை.